பேட்டரி மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. 1997-ல் திண்டிவனத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக்கை இழுத்துவிட்டு சாவியைத் திருப்ப வேண்டும். இந்த மாடலை 2014 தொடக்கத்தில் கம்பெனியே நிறுத்திவிட்டது. நான் நிறுத்தவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்யும்போதெல்லாம், "அப்பா, அதை இன்னும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்பான். யாரோ வயதான உறவுக்காரரை விசாரிப்பதுபோல இருக்கும்.

தொலைபேசித் துறையில் 36 வருடம் இருந்து ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான அனுமந்தைக்கே வந்துவிட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு டோல்கேட். எங்களுக்கு அது உப்பும் மீனும். வடக்கே மரக்காணம் பக்கம் போனால் உப்பளங்கள். தை பிறந்தால் பாத்தி கட்டி வேலை தொடங்கும், ஐப்பசி மழை வந்தால் நின்றுவிடும். கரையில் குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து, கடலோரத்தில் ஏதோ குடிசைகள் வரிசையாக இருக்கின்றன என்று நினைத்திருக்கிறேன்.

இந்த உப்புக் காற்று சும்மா இருக்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறி போல்ட் எல்லாவற்றையும் தின்னும். வண்டியையும் தின்னும் என்று தெரிந்துதான் வருடத்துக்கு ஒருமுறை அடியில் பெயிண்ட் அடித்தேன். துரு என்றால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் வரும் என்று நினைத்தது என் தப்பு.

2024 அக்டோபரில் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சோம்பலாகச் சுற்றும். "ர்ர்ர்" என்று வரவேண்டிய சத்தம் "ரூ... ரூ... ரூ..." என்று வரும். மூன்றாவது, நான்காவது முறைக்குப் பிடித்துக்கொள்ளும். மதியம் வெயிலில் எடுத்தால் ஒரு குறையும் தெரியாது.

பழைய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அது பெட்ரோல், பிளக், காற்று சம்பந்தப்பட்டது. கார்புரேட்டர் வண்டியை ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். மறுபடி பம்ப் ஏற்றும்வரை கொஞ்ச நேரம் செல்ஃப் அடிக்கத்தான் வேண்டும், அது நோயில்லை. இரண்டாவது வகை, இன்ஜின் சுற்றவே கஷ்டப்படுகிறது. இது மின்சாரம் சம்பந்தப்பட்டது. பேட்டரி, ஒயர், செல்ஃப் மோட்டார் என்ற மூன்றில் ஏதோ ஒன்று. என் வண்டிக்கு வந்தது இரண்டாவது வகை. இதுவரை சரியாகத்தான் பிரித்தேன்.

அதற்குமேல் யோசிக்கவில்லை. பேட்டரி வாங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. போய்விட்டது என்று முடிவு செய்தேன். மரக்காணத்தில் ஒரு இளைஞர் சின்னதாக பேட்டரி கடை வைத்திருக்கிறார். இருபத்தைந்து வயது இருக்கும். 35 ஆம்பியர் பேட்டரி ஒன்றைப் புதிதாக மாட்டிக் கொடுத்தார். பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு விலையிலும் குறைத்தார். வண்டி உடனே எடுத்தது. பத்து நாள் நிம்மதி.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். போர்டிகோவில் நின்ற வண்டி பக்கவாட்டு மழையில் இரண்டு நாள் குளித்தது. உப்பளமெல்லாம் ஏரியானது. புயல் ஓய்ந்த பிறகு வண்டி பழையபடி "ரூ... ரூ..." என்றது. ஈரம்தான் காரணம், வெயில் வந்தால் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் நடுவில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். மனைவி என்னை எழுப்பினார். "என்னங்க, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு." முகமெல்லாம் வியர்வை. கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போய் வண்டியில் உட்கார வைத்தேன். ஹெட்லைட்டைப் போட்டேன். சோக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன்.

"டக்."

அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். "ரூ..." என்று ஒரு பாதி சுற்று. மறுபடி "டக்". ஏழெட்டு தடவை முயன்றிருப்பேன். ஏதோ பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வேறு வந்தது. செல்ஃப் மோட்டார்தான் எரிகிறது என்று பயந்து விட்டுவிட்டேன். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் தள்ள யார்? 69 வயதில் நான் ஒருவன், உள்ளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர்.

108-க்கு போன் செய்தேன். இருபது நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அந்த இருபது நிமிடமும் பக்கத்து வீட்டு அக்கா வந்து மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்பளத்தில் வேலை செய்து காய்த்துப்போன கை அவருடையது. நான் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். அந்த இருபது நிமிடத்தில் என்னென்ன நினைத்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மாரடைப்பு இல்லை, வாயுத் தொல்லையும் ரத்த அழுத்தமும்தான் என்று காலையில் சொன்னார்கள். "ஒண்ணுமில்லாததுக்கு வந்துட்டோம்னு நினைக்காதீங்க. இப்படி வந்தா எப்பவும் உடனே வாங்க" என்றார் டாக்டர். அந்த "உடனே" என்ற வார்த்தை எனக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஒருவர் உதவியோடு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, நேராக பேட்டரி கடைக்குப் போனேன். அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள். அந்த நாலு பேர் முன்னால் அந்தத் தம்பியை என்ன கேட்கக்கூடாதோ அதைக் கேட்டேன். "டூப்ளிகேட் பேட்டரியைத் தலையில கட்டிட்டியா? ஒரு மாசம் தாங்கல. என் வீட்ல ஒரு உசுரு போயிருந்தா நீ வந்து தருவியா?"

அந்தத் தம்பி பதில் பேசவில்லை. லோடு டெஸ்டரைக் கொண்டுவந்து பேட்டரியில் வைத்துப் பார்த்தார். முள் பச்சையில் நின்றது. "பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு. ஒயரிங் எதுக்கும்..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்கவிடவில்லை. "எனக்கு நீ ஒயரிங் சொல்லிக் கொடுக்கப்போறியா? நான் 36 வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவன்."

அவர் உள்ளே போய் வேறொரு புது பேட்டரியை எடுத்துவந்து மாட்டினார். காசு கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம், விடியற்காலையில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். நாலரை மணிக்கு வண்டியில் ஏறினோம். சாவியைத் திருப்பினேன். "டக்."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்து மனைவி சொன்னார்: "ஏங்க, லைட்டு எதிர் சுவத்துல பளிச்சுனு அடிக்குதே. பேட்டரி போயிருந்தா நீங்க சாவி திருப்பும்போது லைட்டு மங்கணும் இல்ல? அன்னிக்கு ராத்திரியும் இப்படித்தான் எரிஞ்சுது. சொன்னேன். நீங்க காதுல வாங்கல."

கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம். அந்தப் பயணம் முழுக்க அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு போனேன். அவர் படித்தது தமிழ் இலக்கியம். ஆனால் சொன்னது அப்பட்டமான மின்சாரப் பாடம். பேட்டரி பலவீனமாக இருந்தால், செல்ஃப் இழுக்கும்போது வோல்டேஜ் விழுந்து ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கும். லைட் மங்காமல் செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால், பேட்டரியில் சக்தி இருக்கிறது, அது செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

வந்ததும் மல்டிமீட்டரை எடுத்தேன். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு ஒயரைக் கழற்றி இன்ஜின் உடம்போடு சேர்த்து வைத்தேன். இப்படிச் செய்தால் செல்ஃப் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன்.

சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போதும் 11.8. நல்ல பேட்டரி. பிளஸ் முனையிலிருந்து செல்ஃப் போல்ட் வரை பார்த்தேன். 0.2 வோல்ட்தான் இழப்பு. அதுவும் நல்லது. கடைசியாக ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தேன். அங்கே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

4.3 வோல்ட் காட்டியது.

அதாவது செல்ஃபுக்குக் கிடைத்தது ஏழு வோல்ட் சொச்சம்தான். மிச்சமெல்லாம் திரும்பி வரும் வழியில் மாட்டிக்கொண்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். காரில் பிளஸ்ஸுக்குத்தான் தனித்தனி ஒயர். மின்சாரம் திரும்பி வரும் வழிக்கு வண்டியின் இரும்பு உடம்பையே பயன்படுத்துவார்கள். பேச்சுவழக்கில் அதுதான் எர்த். ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் சேர்த்து, செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டையை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். லைட்டு, ஹாரனுக்கு எர்த் பாடியிலேயே கிடைத்துவிடும். செல்ஃபுக்கு மட்டும் இந்தப் பட்டை வேண்டும். செல்ஃப் இழுப்பது ஏறத்தாழ நூறு ஆம்பியர். அந்த இடத்தில் 0.04 ஓம் தடை இருந்தாலே நாலு வோல்ட் காணாமல் போகும்.

குனிந்து பார்த்தேன். என் வண்டியின் பட்டையில் பாதிக்கு மேல் இழைகள் அறுந்திருந்தன. மீதி பச்சைப் பூத்திருந்தது. போல்ட்டுக்கு அடியில் வெள்ளையும் பழுப்புமாகப் பொடி. செம்பும் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அதுவே ஒரு சின்ன பேட்டரிபோல வேலை செய்து உலோகத்தை அரிக்கும். அளத்து உப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் மழை இல்லாத நாளிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்குத் தெரிந்த விஷயம்தான்.

அந்த ராத்திரி வந்த கருகல் வாசனைக்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. பட்டை வழியாகத் திரும்ப முடியாத மின்சாரம் வேறு வழி தேடும். கார்புரேட்டரிலிருந்து உள்ளே வரும் சோக் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் உலோகம்தானே? அவற்றின் வழியாகப் போயிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். சோக் கேபிள் சுட்டது. அதன் மேலுறை ஒரு இடத்தில் இளகியிருந்தது. இன்னும் நாலு தடவை அடித்திருந்தால், பெட்ரோல் பக்கத்தில் இருக்கும் அந்த இடத்தில் என்ன ஆகியிருக்குமோ.

சரி, மதியத்தில் மட்டும் ஏன் நன்றாக எடுத்தது? வெயிலில் இன்ஜின் ஆயில் இளகும். சுற்ற பலம் குறைவாகப் போதும், ஏழு வோல்ட்டிலேயே சமாளித்துவிடும். புது பேட்டரி மாட்டியதும் பத்து நாள் ஓடியதும் அப்படித்தான். கொஞ்சம் கூடுதல் தெம்பு இருந்ததால் குறை மறைந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்டோபரிலேயே நான் மல்டிமீட்டரில் "பீப்" வைத்து எர்த்தைப் பார்த்திருந்தேன். பீப் அடித்தது, நல்லது என்று விட்டேன். மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். அதற்கு ஒரு இழை போதும். நூறு ஆம்பியர் போகும்போது என்ன நடக்கிறது என்பதை, அது போகும்போதே அளந்தால்தான் தெரியும். வேலை இல்லாத நேரத்தில் எல்லா ஜாயின்ட்டும் நல்ல ஜாயின்ட்தான்.

இதை என்னிடம் வேலை கற்க வந்த பையன்களுக்கு நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எக்ஸ்சேஞ்சில் எர்த்தான் சாமி. 48 வோல்ட் பேட்டரியில் பிளஸ்ஸை எர்த் செய்து, லைனுக்கு மைனஸ் கொடுப்போம். மண்ணுக்குள் போகும் செம்புக் கம்பி அரிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. எர்த் குழி தோண்டினால் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுவோம். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்ணின் தடை குறையும். மரக்காணத்து உப்பையே மூட்டையாக வாங்கிப் போட்டிருக்கிறேன். உப்புப் போட்டு எர்த் எடுத்துச் சம்பளம் வாங்கியவன், அதே உப்பால் வீட்டு வாசலில் எர்த்தைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு கடைக்காரப் பையனைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன். பழைய பட்டையை எடுத்துவிட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் வைத்து உலோகம் மின்னும்வரை தேய்த்தேன். (இதற்கும் பேர் உப்புத்தாள்தான்!) புதுச்சேரியில் வாங்கிவந்த புதுப் பட்டையை முடுக்கி, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். பட்டையின் விலை இருநூறு ரூபாய்க்கும் குறைவு. மறுபடி அளந்தேன். 4.3 இருந்த இடத்தில் 0.2. சாவியைத் திருப்பியதும் 1997-ல் கேட்ட சத்தம் கேட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தார்.

அன்று சாயங்காலமே மரக்காணம் போனேன். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கத்தான் முதலில் தோன்றியது. நாலு பேர் முன்னால் திட்டியதை யாரும் இல்லாதபோது திருப்பி எடுப்பது எப்படிச் சரியாகும்? உள்ளே போய் அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "தம்பி, பேட்டரில தப்பே இல்ல. என் வண்டில எர்த் பட்டை போயிருந்துது. நீ ஒயரிங்னு சொல்ல வந்தப்ப நான் பேச விடல. தப்பு என்னுதுதான்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா நல்லா இருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. நல்லா இருக்காங்க என்று தலையாட்டினேன். நான் திருப்பிக் கொடுத்த அந்த முதல் பேட்டரி என்ன ஆயிற்று என்று கேட்டேன். பழையது என்ற கணக்கில், விலை குறைத்து, உப்பு ஏற்றுகிற ஒரு மினி வேன்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். "ஜம்முனு ஓடுது சார்" என்றார். நஷ்டம் எவ்வளவு என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு தொகை சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் வாங்கி எண்ணிப் பார்த்து மேசை டிராயரில் வைத்தார். அதுதான் சரி. அதற்குப் பிறகுதான் டீ சொன்னார்.

டீ வந்ததும், எங்கே எப்படி மீட்டர் வைத்து அளந்தேன் என்று கேட்டார். வாசலில் நின்ற என் வண்டியிலேயே காட்டினேன். இப்போது பேட்டரி போய்விட்டது என்று யார் வந்தாலும், விற்பதற்கு முன் மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒருமுறை அளந்து பார்க்கிறாராம். மீன் வண்டி, உப்பு வண்டி என்று அதில் இரண்டு பேருக்கு எர்த்தான் கோளாறாக இருந்திருக்கிறது. "ரெண்டு பேட்டரி வியாபாரம் போச்சு சார்" என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். செல்ஃப் இழுக்கவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கினால் பேட்டரியைப் பாருங்கள். மங்காவிட்டால் எர்த்தையும் செல்ஃபுக்குப் போகும் ஒயரையும் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால், ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால் கோளாறு எர்த்தில்தான். அன்று ராத்திரி எங்கள் வண்டியின் டிக்கியிலேயே அந்தக் கேபிள் கிடந்தது.

மகன் போன வாரமும் கேட்டான், "அதை இன்னும் வச்சிருக்கீங்களா?" வைத்திருக்கிறேன் என்றேன். ஆனால் 108 நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது.